வேட்பாளர் கணக்கைப் படிக்க மைநேதா தளம் எவ்வளவு உதவும்?

தேர்தல் நேரத்தில் “இவர்மேல் இத்தனை வழக்கு, இவருக்கு இத்தனை கோடி சொத்து” என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றினால், அதன் ஊற்று பெரும்பாலும் மைநேதா டாட் இன்ஃபோதான். ஏடிஆர் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் நடத்தும் இலவசத் தளம் இது. பயன்படுத்தக் கட்டணம் இல்லை. ஆனால் தளத்தில் பெரிய எழுத்தில் தெரியும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்தால் அங்கிருப்பதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. சில நேரம் தப்பான முடிவோடுதான் திரும்புவோம்.

இந்தத் தகவல் எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் விளங்கும். வேட்பாளர் தன்மேல் உள்ள வழக்கையும் சொத்தையும் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் முன்பு கிடையாது. 1999இல் அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியர்கள் சிலர் ஏடிஆரைத் தொடங்கி, டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார்கள். 2000 நவம்பரில் அங்கே வெற்றி. மத்திய அரசு மேல்முறையீடு செய்ய, 2002 மே 2 அன்று உச்ச நீதிமன்றமும் வாக்காளருக்கு இதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்றது. உடனே நாடாளுமன்றம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 33பி என்று ஒரு பிரிவைச் சேர்த்து, நீதிமன்றம் என்ன சொன்னாலும் சட்டத்தில் உள்ளதைத் தவிர வேறெதையும் வேட்பாளர் சொல்லத் தேவையில்லை என்று ஆக்கியது. 2003 மார்ச் 13 அன்று அந்தப் பிரிவையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கிணறு வெட்டியவர்களே இறைக்கவும் நிற்கிறார்கள் என்பது இந்தத் தளத்தின் தனிச்சிறப்பு.

இறைக்க ஏன் தனியாக ஆள் வேண்டும்? வேட்பாளர்கள் மனுவோடு தரும் பிரமாணப் பத்திரங்களைத் தேர்தல் ஆணையமும் இணையத்தில் ஏற்றுகிறதே என்று கேட்கலாம். ஏற்றுகிறது. ஆனால் ஸ்கேன் செய்த படமாக. படிவம் 26 என்ற அந்தப் பத்திரம் பக்கம் பக்கமாக நீளும். பலர் கையால் நிரப்பியிருப்பார்கள். முத்திரை எழுத்தின்மேல் விழுந்திருக்கும். அதில் எதையும் தேட முடியாது, கூட்ட முடியாது, போன தேர்தலோடு ஒப்பிட முடியாது. அதை வரிவரியாகத் தட்டச்சு செய்து அட்டவணையாக்குவதுதான் மைநேதாவின் உழைப்பு. 2024 மக்களவைத் தேர்தலில் நின்ற 8,360 பேரில் 8,337 பேருடைய பத்திரங்களை ஏடிஆர் இப்படி ஆய்வு செய்தது. மீதி விடுபடுவதற்குக் காரணம் வழக்கமாக ஒன்றுதான்: ஸ்கேன் மங்கலாக இருக்கும், அல்லது பாதிப் பக்கங்கள் ஏறியே இருக்காது.

முதல் சிக்கல் தேடலில் வரும். பத்திரம் தமிழில் இருந்தாலும் பெயர் தளத்தில் ஆங்கில எழுத்தில் இருக்கும். இனிஷியல் முன்னால் வந்திருக்கலாம், பின்னால் போயிருக்கலாம். ‘மூர்த்தி’யை மூன்று விதமாக எழுதுவார்கள். பெயரைத் தட்டிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். தேர்தல், மாவட்டம், தொகுதி என்று படிப்படியாக இறங்குங்கள். தொகுதிப் பட்டியலில் எல்லாப் பெயரும் ஒரே பக்கத்தில் இருக்கும். நம் ஊரில் இன்னொரு தொல்லை உண்டு. முக்கிய வேட்பாளரின் பெயரிலேயே இரண்டு மூன்று சுயேச்சைகளை நிறுத்துவார்கள். தந்தை பெயர், வயது, கட்சி மூன்றும் ஒத்துவருகிறதா என்று பார்த்த பிறகே பக்கத்தைப் பகிர வேண்டும். இடைத்தேர்தல் தனிப் பட்டியலாக இருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வேட்பாளர் பக்கத்தின் மேல்பகுதியில் ‘கிரைம்-ஓ-மீட்டர்’ என்று ஒரு பெட்டி. வழக்குகளின் எண்ணிக்கை அதில் வரும். தளத்திலேயே அதிகம் பார்க்கப்படுவதும் அதிகம் ஏமாற்றுவதும் இந்தப் பெட்டிதான். தமிழ்நாட்டில் தெருவில் இறங்கிப் போராடும் கட்சிக்காரர் யார்மேலும் இந்திய தண்டனைச் சட்டம் 143, 188, 341 பிரிவுகளில் வழக்கு குவிந்திருக்கும். 143 சட்டவிரோதக் கூட்டம், அதிகபட்சம் ஆறு மாதம். 341 வழிமறித்தல், ஒரு மாதம். 188 அதிகாரியின் தடையுத்தரவை மீறுதல். இப்படிப் பதினைந்து வழக்கு உள்ளவரையும், 420இல் ஒரே ஒரு மோசடி வழக்கு உள்ளவரையும் எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்தினால் வரிசை தலைகீழாகத்தான் வரும்.

அதனால் கீழே இறங்கி வழக்கு அட்டவணையைப் படியுங்கள். எஃப்ஐஆர் எண், வழக்கு எண், நீதிமன்றம், பிரிவுகள், குற்றச்சாட்டு வனையப்பட்டதா, எந்தத் தேதியில் என்று பத்திகள் இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது குற்றச்சாட்டு வனையப்பட்டதா என்ற பத்தி. எஃப்ஐஆர் என்பது புகார் பதிவானது என்ற அளவில்தான். போலீஸ் விசாரித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்து, நீதிபதி ஆவணங்களைப் பார்த்து விசாரணைக்கு முகாந்திரம் உண்டு என்று கருதிய பிறகே குற்றச்சாட்டு வனையப்படும். இரண்டுக்கும் நடுவே பல வருடம் ஓடிவிடுவதும் உண்டு. தண்டனை பெற்ற வழக்குகள் தனி அட்டவணையாக இருக்கும். மேல்முறையீட்டில் இருந்தாலும் அங்கே வரவேண்டும்.

ஏடிஆர் சில வழக்குகளைக் ‘கடுமையானவை’ என்று பிரிக்கிறது. அளவுகோலை அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள்: அதிகபட்சத் தண்டனை ஐந்து ஆண்டு அல்லது அதற்குமேல், ஜாமீனில் விட முடியாத குற்றம், தேர்தல் லஞ்சம், அரசுக்கு இழப்பு, தாக்குதல் – கொலை – கடத்தல் – பாலியல் வன்கொடுமை, பெண்களுக்கு எதிரான குற்றம், ஊழல் தடுப்புச் சட்டம், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 8ஆம் பிரிவில் சொல்லப்பட்டவை. வெளிப்படையான அளவுகோல் என்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இது சட்டப் புத்தகத்தைப் பார்த்துப் போட்ட கோடு. சம்பவத்தைப் பார்த்துப் போட்டதல்ல. மறியலில் போலீஸோடு தள்ளுமுள்ளு நடந்தால் 353ஐச் சேர்த்துவிடுவார்கள். அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கியது என்ற பிரிவு அது, ஜாமீனில் விட முடியாதது. ஆக, கோட்டின்படி அதுவும் கடுமையான வழக்கு. 506 இன்னும் குழப்பம். மிரட்டல் வழக்கான அதன் முதல் பகுதிக்கு இரண்டு ஆண்டு, கொலை மிரட்டல் என்று இரண்டாம் பகுதி வந்தால் ஏழு ஆண்டு. வேட்பாளர் வெறுமனே ‘506’ என்று மட்டும் எழுதியிருந்தால் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா அமலில் இருப்பதால் அதற்குப் பிந்தைய குற்றங்களுக்குப் பிரிவு எண்கள் வேறு. கொலை 302இலிருந்து 103க்குப் போய்விட்டது, கொலை முயற்சி 307இலிருந்து 109க்கு, மோசடி 420 இப்போது 318(4), மிரட்டல் 351, தடையுத்தரவு மீறல் 223. புதிய சட்டத்தில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது. பழைய பழக்கத்தில் ‘302’ என்று பார்த்ததும் கொலை வழக்கு என்று பகிர்ந்தால் அவதூறு வழக்குக்கு நீங்களே பொருள் கொடுத்ததாகிவிடும். எண்ணைப் பார்க்கும்போதே எந்தச் சட்டம், எஃப்ஐஆர் எந்த ஆண்டு என்றும் பாருங்கள்.

வழக்கு இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதை மைநேதா சொல்லாது. பத்திரம் தாக்கல் செய்த நாளோடு அதன் காலம் நின்றுவிடும். அதற்கு நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்துக்குப் போக வேண்டும். வழக்கு நிலை பகுதியில் எஃப்ஐஆர் எண் வழியாகத் தேடும் வசதி உண்டு: மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம், காவல் நிலையம், எண், ஆண்டு. அங்கே வழக்கு கிடைக்கவில்லை என்பதால் வேட்பாளர் பொய் சொல்கிறார் என்று ஆகாது. குற்றப்பத்திரிகை இன்னும் நீதிமன்றத்துக்கு வராமல் இருக்கலாம். உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்திருக்கவோ இடைக்காலத் தடை விதித்திருக்கவோ கூடும், அதைத் தனியாகத் தேட வேண்டும்.

சொத்துப் பகுதியில் தளம் நன்றாகவே வேலை செய்கிறது. வேட்பாளர், கணவர் அல்லது மனைவி, இந்துக் கூட்டுக் குடும்பம், சார்ந்திருப்போர் என்று பத்தி பத்தியாக ரொக்கம், வங்கி வைப்பு, பங்கு, அஞ்சலகச் சேமிப்பு, காப்பீடு, கொடுத்த கடன், வாகனம், நகை எல்லாம் வரும். அடியில் இரண்டு கூட்டல்: வேட்பாளர் எழுதிய மொத்தம் ஒரு வரி, தளம் தானே கூட்டிய மொத்தம் இன்னொரு வரி. இரண்டும் ஒத்துப்போகாத பக்கங்கள் நிறைய. பெரும்பாலும் கூட்டல் பிழை. சில இடங்களில் ஒரு வரி விடுபட்டிருக்கும். இந்த இரட்டை வரி சின்ன விஷயம், ஆனால் கணக்கு தெரிந்தவர் யோசித்துச் செய்த வேலை.

தொகைக்குப் பக்கத்தில் ‘ஒரு கோடிக்கு மேல்’ என்று சுருக்கமாக ஒரு குறிப்பு வரும். 1.05 கோடிக்கும் அதே குறிப்பு, 1.98 கோடிக்கும் அதே குறிப்பு. முழு எண்ணைப் படியுங்கள்.

நகையில் எடையும் மதிப்பும் தனித்தனியாக இருக்க வேண்டும். மதிப்பை எடையால் வகுத்து, மனு தாக்கலான வாரத்துச் சந்தை விலையோடு வைத்துப் பாருங்கள். 100 சவரன் என்றால் 800 கிராம். ஒரு கிராமுக்கு வரும் தொகை சந்தை விலையில் பாதிகூட இல்லையென்றால், போன தேர்தல் பத்திரத்தை அப்படியே பார்த்து எழுதிவிட்டார் என்று அர்த்தம். நிலத்துக்கும் இதேதான்: பூர்வீகமா, வாங்கிய தேதி, வாங்கிய விலை, மேம்பாட்டுச் செலவு, இன்றைய மதிப்பு என்று ஐந்து விவரம் உண்டு. இன்றைய மதிப்பு என்பது வேட்பாளர் போட்ட மதிப்பு. யாரும் அளந்து சொன்னதல்ல. மூலப் பத்திரத்தில் சர்வே எண் இருக்கும். தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் அரசு வழிகாட்டி மதிப்பு கிடைக்கும். ஏக்கரை செண்டாக்கி, செண்டைச் சதுர அடியாக்கும்போது ஒரு செண்டு 435.6 சதுர அடி என்பதில் தவறிவிடாதீர்கள்.

ஐந்தாண்டில் சொத்து ஐந்து மடங்கு என்று செய்தி வந்தால் உடனே லஞ்சம் என்று முடிவு கட்டத் தோன்றும். பக்கத்தில் பழைய தேர்தல்களின் ஒப்பீடும் இருப்பதால் இந்தக் கணக்கு எல்லோருக்கும் எளிது. ஆனால் மடங்கைப் பார்ப்பதற்கு முன் நான்கு காரணங்களைக் கழிக்க வேண்டும். நில மதிப்பைத் திருத்தி எழுதியிருப்பார். தங்கம் ஏறியிருக்கும். தந்தை காலமாகிப் பாகம் வந்திருக்கும். சார்ந்திருந்த மகன் வேலைக்குப் போனதும் அவன் சொத்து பத்திரத்திலிருந்தே மறைந்திருக்கும். இது கூட்டாது, குறைக்கும். இவற்றைக் கழித்த பிறகு, புதிதாக வாங்கியவற்றின் விலையைக் கூட்டுங்கள். 2019 முதல் படிவம் ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கைக் கேட்கிறது. கணவன் மனைவி இருவருடைய ஐந்தாண்டு வருமானமும், இந்த இடைவெளியில் கூடிய கடனும் சேர்ந்து அந்த வாங்கல்களுக்குப் போதுமா? போதவில்லை என்றால் அங்கேதான் கேள்வி. விவசாய வருமானத்துக்கு வரிவிலக்கு என்பதால் வரிக் கணக்கில் காட்டிய தொகை குறைவாகத் தெரியலாம். 2017இல் சேர்க்கப்பட்ட வருமான மூலம் பற்றிய பகுதியில் விவசாயம் என்று எழுதியிருக்கிறாரா என்று சரிபாருங்கள்.

எழுதாமல் விட்ட பொருள் எல்லாமே குற்றம் அல்ல. 2024 ஏப்ரலில் அருணாசலப் பிரதேச வழக்கு ஒன்றில், வேட்பாளர் தன்னிடமுள்ள ஒவ்வொரு அசையும் பொருளையும் சொல்லத் தேவையில்லை, கணிசமான மதிப்போ வாழ்க்கைப் பாணியைக் காட்டும் தன்மையோ இருந்தால்தான் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். 2013 தீர்ப்பின்படி, நினைவூட்டியும் நிரப்பாவிட்டால் தேர்தல் நடத்தும் அலுவலர் மனுவைத் தள்ளுபடி செய்யலாம்.

கல்விப் பகுதி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வழக்கறிஞர், பொறியாளர், மருத்துவர் மூவரையும் ‘தொழில்முறைப் பட்டதாரி’ என்ற ஒரே பெட்டியில் போடுகிறது. கல்லூரிப் பெயரும் ஆண்டும் இருந்தால் போதும், நகருங்கள்.

தளத்தின் தனிப் பக்கங்களைவிட நாளிதழ்களில் அதிகம் வருவது ஏடிஆரின் சதவீதங்கள். மக்களவைக்கு வென்றவர்களில் வழக்கு உள்ளதாகச் சொன்னவர்கள் 2009இல் 30 சதவீதம், 2014இல் 34, 2019இல் 43, 2024இல் 46. ஏறுமுகம்தான். ஆனால் நடுவே படிவம் மாறியிருக்கிறது. பழைய படிவம் 26 குற்றச்சாட்டு வனையப்பட்ட வழக்கையும், நீதிமன்றம் கோப்புக்கு எடுத்த வழக்கையும் பற்றிக் கேட்டது. 2018க்குப் பிறகு நிலுவையில் உள்ள வழக்கு எல்லாவற்றையும் எஃப்ஐஆர் எண் முதல் கேட்கிறது. 2014க்கும் 2019க்கும் இடையிலான தாவலில் ஒரு பங்கு இந்த மாற்றத்தால் வந்ததாக இருக்கும். எவ்வளவு என்று பிரித்துக் காட்டாமல் நான்கு எண்களையும் ஒரே கோட்டில் வரைவது ஏடிஆர் அறிக்கைகளின் பெரிய குறை. ‘கோடீஸ்வரர்’ கணக்கு அதைவிடப் பலவீனம். 2009இல் 315 பேர், 2024இல் 504 பேர் என்கிறார்கள். கோடு மட்டும் ஒரு கோடியிலேயே நிற்கிறது, பதினைந்து ஆண்டு விலைவாசியைக் கண்டுகொள்ளவே இல்லை. அதோடு அது கடனைக் கழிக்காத, குடும்பம் மொத்தத்தின் சொத்து. சென்னையில் வங்கிக் கடனில் ஒரு வீடு வாங்கியவரும் அந்தப் பட்டியலில்தான் வருவார்.

இந்தச் சதவீதங்களால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒரே தேர்தலுக்குள் கட்சிக்குக் கட்சி, தொகுதிக்குத் தொகுதி ஒப்பிட அவை சரியாக உதவும், ஏனென்றால் எல்லோரும் நிரப்பியது ஒரே படிவம்.

அவசரத்துக்கு மைநேதா உதவாது. மனு திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவே சட்டப்படி குறைந்தது பதினான்கு நாள்தான். பத்திரங்களைத் தட்டச்சு செய்து முடிக்கவே அதில் கணிசமான பங்கு போய்விடும். மனு தாக்கல் வாரத்தில் உங்களுக்கு விவரம் வேண்டுமென்றால் தேர்தல் ஆணையத்தின் பிரமாணப் பத்திரத் தளத்துக்கே போங்கள். ஒருவர் நான்கு மனு வரை தாக்கல் செய்யலாம். திருத்திய பத்திரமும் கொடுக்கலாம். அங்கே ஒரே பெயரில் பல கோப்பு இருந்தால் கடைசியாக ஏறியதைத் திறந்து, மைநேதாவில் உள்ள எண்ணோடு ஒத்துப்பாருங்கள். தளம் பழைய பத்திரத்தைத் தட்டச்சு செய்திருக்க வாய்ப்பு உண்டு.

கூடவே பார்க்க வேண்டிய காகிதம் சி7. வழக்கு உள்ளவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சியே வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த 48 மணி நேரத்துக்குள் தன் தளத்திலும் நாளிதழிலும் காரணம் சொல்ல வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2020 பிப்ரவரித் தீர்ப்பிலிருந்து வந்தது. வெற்றி பெறுவார் என்பது மட்டும் காரணமாகக் கூடாது என்றும் அதில் உண்டு. பல கட்சிகள் ஒரே வாக்கியத்தை எல்லா வேட்பாளருக்கும் ஒட்டிவைத்திருப்பது சி7களை வரிசையாகப் படித்தால் தெரியும். மைநேதாவின் வேட்பாளர் பக்கத்திலேயே சி7ஐ இணைத்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

தளம் கீழ்மட்டம் வரை இறங்குவதில்லை. நம் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் பொறுப்பான ஊராட்சித் தலைவர் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். அந்தக் காகிதங்களைத் தேடி இங்கே வர வேண்டாம். உள்ளூர் அமைப்பு எதற்காவது கை ஓய்வாக இருந்தால் செய்ய வேண்டிய வேலை அங்கே நிறையக் கிடக்கிறது. தங்கள் ஊராட்சியின் பத்திரங்களைப் படமெடுத்து, படிவம் 26இன் தலைப்புகளிலேயே ஒரு எக்செல் தாளில் ஏற்றினாலே தொடக்கத்துக்குப் போதும்.

பத்திரத்தில் பொய் இருப்பதாக உறுதியாகத் தெரிந்தால் மைநேதாவுக்கு எழுதி எந்தப் பலனும் இல்லை. வேட்பாளர் சொன்னதைச் சொன்னபடி வைப்பதே அவர்கள் வேலை. தட்டச்சுப் பிழை என்றால் மட்டும் அவர்களுக்குச் சுட்டிக்காட்டுங்கள். பொய்ப் பத்திரத்துக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். வென்றவரின் தேர்தலே செல்லாது என்று கேட்பதானால் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு. முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாளுக்குள் போட வேண்டும், அதை அந்தத் தொகுதியின் வாக்காளரும் போடலாம். இரண்டுக்குமே மைநேதா பக்கத்தின் அச்சு போதாது. தேர்தல் நடத்தும் அலுவலரிடம் பிரமாணப் பத்திரத்தின் சான்றிட்ட நகலுக்கு முதலில் மனுப் போட்டு வையுங்கள், அந்த 45 நாளில் அதற்கே சில நாள் போய்விடும்.